தெற்கு பார்த்த மைக்

உளவாளி ஒருவனை நான் கண்டுபிடித்தேன். ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நிறுத்துப் பார்த்து, அவன் வயது என்ன, குணம் என்ன, கொல்கத்தாவில் எந்தப் பக்கம் குடியிருப்பான் என்பது வரைக்கும் சொன்னேன். லட்சக்கணக்கான பேர் கேட்டுத் தலையாட்டினார்கள். சொன்னதெல்லாம் சரி. அந்த ஆள் நான்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அது தெரிய வருவதற்குள், மைக்செட் வைத்துப் பிழைக்கிற மணிவேல் என்னால் உள்ளே போய்விட்டான்.

என் பெயர் நடராஜன். காளிகாட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. பிறந்தது அங்கேதான், அநேகமாகப் போவதும் அங்கேதான். இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் செக்‌ஷனிலேயே காலம் தள்ளி ரிடையர் ஆனவன். அந்த செக்‌ஷனுக்கு ஒரே வேதம்தான்: எவன் நஷ்டம் என்று வந்து நின்றாலும் அது அவனே செய்துகொண்டது. கடை எரிந்தால் முதலாளி கொளுத்தியது. லாரி கவிழ்ந்தால் டிரைவர் கவிழ்த்தது. ஒரு தடவை இடி விழுந்த வீட்டுக்காரர் ஒருவரிடம், இடி விழும்போது நீங்கள் ஏன் வெளியே இருந்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கினேன். மனுஷர் அழுதுவிட்டார். அதையும் நடிப்பு என்று குறித்துக்கொண்டேன்.

நான் ரிடையர் ஆனேனே தவிர, இந்தப் புத்தி ஆகவில்லை. குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட ஜகதாவுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று நினைக்கிற ஜன்மம் நான். ஜகதா என் மனைவி. முழுப் பெயர் ஜகதாம்பாள். எங்கள் பெண் மாதங்கி ஒரு லீவுக்கு வந்திருந்தபோது, "அப்பா, உனக்கு யூடியூப்ல ஒரு சேனல் ஆரம்பிச்சுத் தரேன். நீ அங்க போய்ப் பேசு. அம்மா பொழைச்சுப் போகட்டும்" என்று ஆரம்பித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பேப்பரில் வருகிற வழக்கையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வங்காளியில் அலசுவேன். தமிழில் பேசலாம்தான். ஆனால் இங்கே தமிழ் கேட்கிறவர்கள் எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆட்கள். அவர்கள் என்னை நேரிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டவர்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றைத் தாண்டி சாந்த்ராகாச்சியில் ஒரு கட்சித் தலைவரைச் சுட்டார்கள். பெயர் வேண்டாம். சொன்னால் ஒரு கட்சிக்காரன் மாலையோடு வருவான், இன்னொரு கட்சிக்காரன் கல்லோடு வருவான், என் வாசல் இரண்டையும் தாங்காது. ரயில்வே யார்டுக்கு அப்பால் ஒரு மைதானத்தில் பொதுக்கூட்டம். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது, பாதியில் நிற்கிற ஒரு கட்டடத்து மாடியிலிருந்து குண்டு வந்தது. அவர் மேல் படவில்லை. அவரை ஒட்டி அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டியில் பாய்ந்தது. சுட்டவன் கூட்டத்தோடு கூட்டமாக ஓடிவிட்டான்.

மறுநாளே ஊர் இரண்டாயிற்று. மத்திய உளவுத்துறைதான் ஆள் வைத்துச் சுட்டது என்றார்கள் தலைவரின் ஆட்கள். அனுதாப ஓட்டுக்காகத் தலைவரே உளவுத்துறையில் இருக்கிற சிநேகிதர்களை வைத்துப் போட்ட நாடகம் என்றார்கள் எதிர் ஆட்கள். இரண்டு பேருக்கும் உளவுத்துறை வேண்டியிருந்தது. எந்த வேலைக்கு என்பதில்தான் சண்டை. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. இப்படி ஒரு க்ளெய்ம் என் சர்வீஸில் வந்ததே இல்லை.

டி.வி.யில் காட்டிய படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கட்டடத்துக் காவல்காரன் அன்றைக்கு லீவு. தெரு முனைக் காமிரா வேலை செய்யவில்லை. எந்தத் தெரு முனையில் எந்தக் காமிரா வேலை செய்திருக்கிறது என்று ஒரு நல்ல புத்தி உள்ளிருந்து கேட்டது. சும்மா இரு என்று அதை அடக்கினேன். இதையெல்லாம் தூக்கி அடிக்கிற மாதிரி இன்னொன்று கிடைத்தது. தலைவர் மேடைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தொப்பி போட்ட ஒருவன் ஏறி, நடுவில் இருந்த மைக்கை ஸ்பீக்கர் பெட்டிகளை ஒட்டி ஓரமாக நகர்த்துகிறான். முதுகு மட்டும்தான் தெரிகிறது. கையில் போன். போனைப் பார்க்கிறான், மைக்கைத் திருப்புகிறான். மறுபடி போனைப் பார்க்கிறான், இன்னும் கொஞ்சம் திருப்புகிறான்.

அவனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். வீடியோவில் சொன்னேன்: "மைக் நடுவிலேயே இருந்திருந்தால் குண்டு நேராகத் தலைவர் நெஞ்சில். நகர்த்தியதால் பெட்டி குறுக்கே நின்று வாங்கிக்கொண்டது. ஆகவே குண்டு எங்கிருந்து வரும் என்று இந்த ஆளுக்கு முன்பே தெரியும். உத்தரவு போனில் வருகிறது, நீங்களே பாருங்கள். வேறு தடயம் இல்லையே என்பீர்கள். இல்லாததுதான் பெரிய தடயம். கைதேர்ந்தவன் தடயம் வைப்பானா?" இந்தக் கடைசி வரியைச் சொல்லிவிட்டு நானே ஒரு நிமிஷம் அசந்து உட்கார்ந்திருந்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதுவரைக்கும் என் வீடியோவை உறவுக்காரர்கள் மரியாதைக்குத் தட்டிவிட்டுப் போவார்கள். இது காட்டுத்தீயாகப் பரவியது. லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ விற்கிறவன் "காகு, இன்றைக்கு என்ன புதுசு?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டுக் கொசுறாகக் கறிவேப்பிலை போட்டான். எதிர்க் கட்சி என் வீடியோவையும் சேர்த்துப் புகார் கொடுத்தது. விசாரிக்கிற தனிக் குழு மைக்கை நகர்த்திய ஆளைப் பிடித்து உள்ளே வைத்தது. ஒலி அமைப்பாளர் ஒருவர் என்று மட்டும் பேப்பரில் போட்டிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ என்று ஒரு க்ஷணம்கூட எனக்குத் தோன்றவில்லை. பேப்பரை மடித்து ஜகதாவின் முன்னால் போட்டேன். "பார்த்தியா?" என்றேன். "புடலங்காய் வாங்கிண்டு வந்தேளா?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி. பிடிபட்டவன், சார் சொல்லிக் கொடுத்தபடிதான் மைக்கைத் திருப்பினேன் என்கிறானாம். யார் அந்த சார் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானாம். அவ்வளவுதான். உளவுத்துறையில் இவனை நடத்துகிற மேலதிகாரி அந்த சார்தான் என்று பேப்பர்களெல்லாம் எழுதின. எனக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த வீடியோவில் அந்த சாரை வரைந்து காட்டிவிட்டேன்.

"இந்த சார் சின்ன வயசுக்காரர் இல்லை. ரிடையர் ஆனவர். வெளியில் பார்த்தால் சாதாரண ஆபீஸ் ஆள். தெற்குக் கொல்கத்தாவில் ஏதோ ஒரு சந்தில் சத்தமில்லாமல் குடியிருப்பார். ஒழுங்குப் பைத்தியம். தனக்குக் கீழே இருப்பவனைத் திட்டித் திட்டியே பழக்குவார். திட்டு வாங்கியவன் பயத்தில் இல்லை, மரியாதையில் பேசாமல் இருப்பான். இவர் முழுநாளும் என்ன செய்கிறார் என்று பெண்டாட்டிக்கே தெரியாது."

பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஜகதா காய் நறுக்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் கையைக் காட்டி அடக்கிவிட்டு மேலே பேசினேன். அதை வெட்டி எடுக்கவும் எனக்குத் தெரியாது. அப்படியே போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை மகேஸ்வரி வந்தாள். மணிவேலின் மனைவி. இரண்டு பேரும் சாந்த்ராகாச்சியில் ரயில்வே குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் சங்கத்து ராம நவமி, நவராத்திரி, ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் மணிவேல்தான் மைக்செட். நான் சங்கத்தின் உபதலைவர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்காததால் ஆயுள் முழுக்க உபதலைவர். நவராத்திரிக்குப் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து, "இந்தத் தடவை கர்ர்னு சத்தம் வராம பாத்துக்கச் சொல்லு" என்றேன்.

சோபாவில் உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. "சார், பேப்பர்ல போட்டிருக்காங்கல்ல, மைக்கை நகத்துனவன்னு. அது இவருதான் சார்."

வட்டம் போட்ட முதுகு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பன்னிரண்டு மாசமும் பார்க்கிற முதுகு. அப்போதாவது என் வாய் சும்மா இருக்கக் கூடாதோ. பக்கத்தில் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, "அப்போ அந்த சார் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சமையலறை வாசலிலிருந்து ஜகதாவும் என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான் சார்" என்றாள் மகேஸ்வரி.

"நானா?"

"மேடையைத் தெக்கப் பாத்துப் போட்டிருந்தாங்க. பேசுறவரு தெக்கப் பாத்து நிக்கக் கூடாது, எமன் திசை, கெழக்கப் பாக்க வைடான்னு நீங்கதானே சார் வருசா வருசம் திட்டுவீங்க. இப்ப அவருக்கு அதுவே பழகிப்போச்சு. எந்தக் கட்சி மீட்டிங்கா இருந்தாலும் போன்ல திசை பாத்துட்டுத்தான் மைக்கை வெப்பாரு. நடுவுல இருந்தா கெழக்கத் திருப்ப முடியலைன்னு ஓரமாத் தள்ளி வெச்சிருக்காரு. அதைத்தான் உத்தரவு வருதுன்னு எவனோ வீடியோ போட்டிருக்கானாம்."

எவனோ. அவளுக்கு வங்காளி நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வீடியோவை அவள் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எவனோ என்கிற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்திருக்கலாம். ஜகதா விடவில்லை. "அந்த எவனோவும் இவர்தாம்மா" என்றாள்.

மகேஸ்வரி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப நீங்க சொன்னா விட்டுருவாங்கல்ல சார்?" என்றாள்.

"என் பேரை ஏன் அவன் சொல்லலே?" என்றேன்.

"உங்களுக்கு பிரஷர் இருக்காம். போலீஸ் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சா தாங்க மாட்டீங்களாம். பெரியவரை இதுல இழுக்காதேன்னு வக்கீல்கிட்டகூட சொல்ல விடலை. துர்கா புஜோவுக்கு மைக்செட் போட நாலஞ்சு பந்தல்ல பேசி வெச்சிருந்தது சார். ஒவ்வொருத்தரா வேணாங்கறாங்க. அவரு வெளிய வந்தாத்தான் எதுவும் பேச முடியும்."

எனக்கு வெட்கம் வந்தது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது பயம். அவளைக் காபி குடிக்க வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் கேஸை நானே நிறுத்துப் பார்த்தேன். ரிடையர் ஆனவன். தெற்குக் கொல்கத்தா. சந்து. ஒழுங்குப் பைத்தியம். மணிவேலை எத்தனையோ வருஷமாகத் தெரியும். அவன் பிடிபட வீடியோ போட்டது யார்? நான். தன் ஆளைத் தானே மாட்டிவிட்டுத் தடயத்தை அழிக்கிற கைதேர்ந்தவன் என்று நானே சொல்லியிருப்பேன். க்ளெய்ம் செக்‌ஷனில் இந்த ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தால் நடராஜனை நான் ஒரு வார்த்தை நம்பியிருக்க மாட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தவளைக்காவது வாய் ஒன்றுதான். எனக்கு சேனல் வேறு.

வெளியே வந்து, "ஒரு நல்ல வக்கீலாப் பார்த்துக் கலந்துண்டு, அப்புறம்..." என்று ஆரம்பித்தேன்.

"வீடியோ போடறதுக்கு முன்னாடி யாரைக் கலந்துண்டேள்?" என்றாள் ஜகதா. "வேஷ்டியை மாத்திண்டு கிளம்புங்கோ. மாத்திரையைப் போட்டுண்டு கிளம்புங்கோ. நானும் வரேன்."

கிளம்பும் முன் ஜகதா ஒரு காரியம் செய்தாள். எங்கள் சங்கத்துப் பொருளாளர் வீரராகவனுக்குப் போன் செய்தாள். வீரராகவன் எந்த விழாவையும் பந்தல் கட்டுவதிலிருந்து எச்சில் இலை எடுக்கிறது வரைக்கும் ஒரு இடம் விடாமல் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புவார். அதை எந்த மனுஷப் பிறவியும் முழுதாகப் பார்த்தது கிடையாது. "எத்தனை வருஷத்துது இருக்கோ அத்தனையும் அனுப்புங்கோ" என்றாள். யாரோ பார்க்கக் கேட்கிறார்கள் என்றதும் வீரராகவன் எல்லாவற்றையும் இரண்டு தடவை அனுப்பினார்.

தனிக் குழுவின் ஆபீஸ் அலிப்பூரில், ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. மகேஸ்வரியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே இருந்த அதிகாரி பெண். பெயர் சுதேஷ்ணா லாஹிரி. மாதங்கியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாருங்கள், மேசோமஷாய்" என்றாள். சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதை. அந்த மரியாதையிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. நானும் க்ளெய்ம் கேட்டு வருகிறவர்களை முதலில் இப்படித்தான் உட்கார வைப்பேன்.

"அந்த சார் நான்தான்" என்றேன் வங்காளியில். தெற்கு, எமன், கிழக்கு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவள் முழுதும் கேட்டாள். பிறகு, "பேசுகிறவர் தெற்கே பார்க்கக் கூடாது என்று மணிவேலும்தான் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. ஒரே கதையை இரண்டு பேரும் சொல்கிறீர்கள் என்றால், ஒன்று அது உண்மை, இல்லாவிட்டால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது. எது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

"உளவுத்துறைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா. எந்தத் தடயமும் கிடைக்காது, தேடிப் பாருங்கள்."

"கைதேர்ந்தவன் தடயம் வைப்பானா?" என்றாள்.

என் வரி. என் குரலை மாதிரியே இழுத்துச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜகதா இருமினாள். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

லாஹிரி தன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள். என் இரண்டாவது வீடியோ ஓடியது. சார் எப்படிப்பட்டவர் என்று நான் விரல் நீட்டி விளாசிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இங்கே பின்னால் ஒரு பெண் குரல் தமிழில் ஏதோ சொல்கிறது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் ஊருக்குப் போயிருக்கிறார். என்ன சொல்கிறார்?"

நானும் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். கத்தி பலகையில் படுகிற சத்தம். அதற்கு மேல் ஜகதாவின் குரல், ரொம்ப நிதானமாக.

"மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், மேசோமஷாய்."

"'இதென்ன, அப்படியே உங்களைச் சொல்ற மாதிரின்னா இருக்கு' என்கிறாள்" என்றேன்.

லாஹிரி ஜகதாவைப் பார்த்தாள். "மாசிமா, உங்களுக்கு அப்போதே தெரியுமா?"

"எனக்கு மைக்கும் தெரியாது, மணிவேல்னும் தெரியாது" என்றாள் ஜகதா, தன் அரைகுறை வங்காளியில். "இவரைத் தெரியும்."

அதற்குப் பிறகு ஜகதா தன் போனை மேஜைமேல் வைத்தாள். வீரராகவனின் வீடியோக்கள். முதலில் ஒரு நவராத்திரி. நான் பட்டு வேஷ்டியில் மேடையில் நிற்கிறேன். மைக் என் கையில். அது வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. கூட்டம் முழுக்கக் கேட்க, "டேய் மணி, எருமை, எமனுக்கு எதுத்தாப்லயா என்னை நிக்க வெக்கறே? எனக்கு நாள் குறிச்சுட்டியா? கிழக்கே திருப்புடா, தடியா" என்கிறேன். மணிவேல் ஓடிவந்து திருப்புகிறான். அடுத்த வருஷம் ராம நவமி. மறுபடி அதே திட்டு, வேறு மிருகம். அடுத்த ஆண்டு விழாவில் மணிவேல் போனைப் பார்த்து, மைக்கைத் திருப்பி, மறுபடி போனைப் பார்த்து, என் முகத்தைப் பார்க்கிறான். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. நேராகப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி, பரீட்சையில் தேறினவன் மாதிரி.

லாஹிரி இன்னும் இரண்டு உதவியாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு திட்டுக்கும் நானே வங்காளியில் அர்த்தம் சொன்னேன். எருமைக்கு என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். தடியனுக்கு என்ன என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். பொய்க் க்ளெய்ம் போட்டவனைக்கூட நான் இப்படி உரித்துத் தொங்க விட்டதில்லை.

கடைசியில் லாஹிரி கம்ப்யூட்டரை மூடினாள். "இத்தனை வருஷத்து ஆதாரத்தை யாராலும் முன்கூட்டியே தயார் செய்ய முடியாது. இதை கோர்ட்டில் சொல்கிறோம். மணிவேலுக்கு ஜாமீன் கொடுக்க எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

எனக்கு உயிர் வந்தது. வந்ததும் வாயும் வந்துவிட்டது. "அப்போ உளவுத்துறைக்கு இதில் சம்பந்தம் இல்லை, இல்லையா?"

"அப்படி நான் சொன்னேனா?" என்றாள். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். காவல்காரனை விசாரிக்க வேண்டும், சுட்டவனைப் பிடிக்க வேண்டும், அவனுக்கு யார் துப்பாக்கி கொடுத்தது என்று பார்க்க வேண்டும். இத்தனை நாளாக என் ஆட்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு உங்கள் சாரைத் தேடிக்கொண்டிருந்தார்கள், மேசோமஷாய். அந்த வீடியோக்களைச் சேனலிலிருந்து எடுத்துவிடுங்கள்."

அங்கேயே உட்கார்ந்து எடுத்தேன். எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாததால் அவளுடைய உதவியாளன்தான் காட்டிக் கொடுத்தான்.

மணிவேல் மறுநாள் சாயங்காலம் வெளியே வந்தான். கோர்ட் வாசலில் மகேஸ்வரியும் ஜகதாவும் நானும் நின்றிருந்தோம். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஒரு வாரத்தில் அஞ்சு வயது கூடின மாதிரி இருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சுக்கோடா மணி" என்றேன். சங்கத்தில் நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை. மகேஸ்வரி வேறு பக்கம் பார்த்தாள்.

"அட விடுங்க சார்" என்றான் அவன். "உங்களுக்கு பிரஷர் எப்படி இருக்கு? மாத்திரை போட்டீங்களா?"

பக்கத்துக் கடையில் மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் ஊதி ஊதிக் குடித்தான். பாதியில் நிறுத்தி, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தான்.

"சார், உள்ள இருக்கும்போது இதையேதான் யோசிச்சிட்டு இருந்தேன். மைக்கு நடுவுல இருந்திருந்தா அவரு செத்திருப்பாரு இல்ல?"

"செத்திருப்பார்" என்றேன்.

"அப்ப நாமதான காப்பாத்தியிருக்கோம்."

ஒரு வாரமாக நானும் போலீஸும் இரண்டு கட்சிக்காரர்களும் கொல்லப் பார்த்தது யார் என்று தேடித் தேடி அலைந்தோம். அந்த மேடையில் ஒரு உயிர் பிழைத்ததே, அதற்குக் காரணம் யார் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. காப்பாற்றினவன் முதுகில் வட்டம் போட்டவன் நான். அப்படியிருந்தும் அவன் 'நான்' என்று சொல்லவில்லை, 'நாம்' என்றான். என்னையும் சேர்த்துக்கொண்டான்.

அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். "மணி, இன்னிக்கே ஒரு வீடியோ போடறேன்" என்றேன். "ஆதாரத்தோட சொல்றேன். தலைவரைக் காப்பாத்தினது நீதான்னு ஊரே கேக்கற மாதிரி சொல்றேன். புஜோ கமிட்டிக்காரன் ஒவ்வொருத்தனும் உன் வாசல்ல வந்து நிப்பான். உன்னை நான்..."

"சார்" என்றாள் மகேஸ்வரி. அவள் பேசியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. "நீங்க போட்ட வீடியோவை நீக்கிட்டீங்கல்ல. நீக்கினதை வெச்சு வேற எவனோ ஒரு வீடியோ போட்டுட்டான். உண்மையைச் சொன்னவரை உளவுத்துறை மிரட்டிருச்சுன்னு. முதல்ல வந்ததைவிட இதை நிறையப் பேரு பாக்கறாங்களாம். நேத்து ராத்திரி மிச்சம் இருந்த பந்தல்காரங்களும் வேணான்னுட்டாங்க."

நான் மணிவேலைப் பார்த்தேன். அவன் காலிக் குவளையைக் கையிலேயே வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பேன்.

"நீங்க எதுவும் செய்ய வேணாம் சார்" என்றான், ரொம்பப் பணிவாக. "நீங்க பேசாம இருந்தா, அதுவே எங்களுக்குப் போதும்."

இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் போனார்கள். நாங்கள் டாக்ஸி பிடித்தோம். அலிப்பூரிலிருந்து காளிகாட் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜகதா இரண்டு தடவை நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள்.